வால்டாக்ஸ் ரோட்டுல இருந்து வியன்னாவுக்கு மூணு நாள்

போன இதழ்ல நானும் வீட்டம்மாவும் மூணு நாள் ஆஸ்திரியா நாட்டுத் தலைநகரு வியன்னா போயிட்டு வந்ததப் பத்தி ஒரே ஒரு பக்கம் எழுதினேன், அதுக்கு வந்த கேள்விங்கள போட்டா ஒரு கோணிப்பையே ரொம்பிடும் போல. பாதிக்கு மேல நம்ம வடசென்னை ஜனங்கதான். ஒரே மாதிரி இருந்தத எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன், விட்டுப்போனவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: பையன் ஜெர்மனில வேலை பாக்குறான். அங்க போகும்போது நடுவுல மூணு நாள் கெடைக்குது. வியன்னா, பிராக், புடாபெஸ்ட் மூணையும் முடிச்சிடலாம்னு டூர்க்காரர் சொல்றாரு. முடியுமா சார்? – தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: முடியும் சார். ஒரே நாள்ல காஞ்சிபுரம், மகாபலிபுரம், பாண்டிச்சேரி மூணையும் காட்டுற வேன்ல போயிருப்பீங்களே, ராத்திரி வீட்டுக்கு வந்தா எது எந்த ஊரு கோபுரம்னே தெரியாது, புளியோதரை பொட்டலம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும், அந்த மாதிரி முடியும். வியன்னாவுல இருந்து பிராக் ரயில்ல நாலு மணி நேரம், புடாபெஸ்ட் ரெண்டே முக்கால் கிட்ட. மூட்டை கட்டுறது, ஸ்டேஷன் போறது, ஓட்டல் தேடுறதுன்னு பாதி நாள் பிளாட்பாரத்துலயே போயிடும். 1918 வரைக்கும் இந்த மூணு ஊருக்கும் ஒரே ராஜாதான், ஹாப்ஸ்பர்க் குடும்பம். அவங்க குந்தியிருந்த எடம் வியன்னா. அதனால தலையை மட்டும் நிதானமா பாத்துட்டு வாங்க, மத்தது இன்னொரு வாட்டி பாத்துக்கலாம்.

நாங்க செஞ்சது இதான்: மொத நாள் பூரா பழைய டவுன்லயும் அத சுத்தி இருக்குற ரிங் ரோட்லயும் நடை, ரெண்டாவது நாள் காலைல ஒரே ஒரு அரண்மனை, மத்தியானம் காபி கடைல குந்திக்கினு வேடிக்கை, மூணாவது நாள் சுடுகாடு. சுடுகாடுதான், தப்பா படிக்கல நீங்க, கீழ வருது.

கேள்வி: ரிங் ரோடு ரிங் ரோடுன்னு பத்து எடத்துல எழுதிட்டீங்க. ரோட்ல போய் பாக்குறதுக்கு இன்னா சார் இருக்கு? – சவுகார்பேட்டை வாசகர்

பதில்: நீங்க இருக்கிற எடத்துக்கு இத கேக்கலாமா? உங்க வீட்டுல இருந்து நாலு தெரு தள்ளி வால்டாக்ஸ் ரோடு. அந்தப் பேரு எப்படி வந்துச்சு? 1758–59ல பிரெஞ்சுக்காரன் வந்து கோட்டையை முற்றுகை போட்டுட்டுப் போனதும் பயந்துபோன கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் நம்ம ஜனங்க இருந்த கறுப்பர் டவுனை சுத்தி மதில் கட்டினான், அதுக்கு ஜனங்க கிட்ட வரி போடலாம்னு பாத்தான், வரி வசூல் ஆகல, பேரு மட்டும் நின்னுடுச்சு. வியன்னா கதையும் அதே கதைதான், ஆனா பெரிய பட்ஜெட்ல எடுத்த கதை. 1529லயும் 1683லயும் துருக்கி சுல்தான் படை வந்து அந்த ஊரை வளைச்சுது, ரெண்டு தடவையும் மதில் தாக்குப்புடிச்சு நின்னுச்சு. அந்த மதிலோட ஆரம்பமே ஒரு சோக்கு. சிலுவைப் போருக்குப் போயிட்டு ஊருக்குத் திரும்பிக்கினு இருந்த இங்கிலாந்து ராஜா ரிச்சர்டை 1192ல வியன்னா பக்கத்துல எர்ட்பெர்க்குங்கிற எடத்துல புடிச்சு வெச்சு, அவனை விடுறதுக்கு வாங்குன வெள்ளில கட்டுன மதில் அது. இன்னைக்கு வெளியூர் பஸ்ஸு வந்து நிக்கிற எடம்தான் எர்ட்பெர்க், மாதவரம் பஸ் ஸ்டாண்டுன்னு வெச்சுக்கோங்களேன்.

மதிலுக்கு வெளிய யாரும் வீடு கட்டக் கூடாது, பீரங்கி சுட வெட்டவெளியா இருக்கணும். இதையும் நம்ம ஊர்ல பாத்துருக்கோம். கோட்டைக்கு எதிர்ல இருந்த பழைய கறுப்பர் டவுனை இடிச்சு காலி பண்ணி, இதுக்கு மேல கட்டாதேன்னு 1773ல கல் நட்டாங்க, அதுல ஒண்ணு பாரிஸ் கார்னர் டேர் ஹவுஸ்ல இன்னும் நிக்குது, டெய்லி அதத் தாண்டித்தான் பஸ் புடிக்க ஓடுறோம், ஒருத்தரும் திரும்பிப் பாக்குறதில்ல. அந்தக் காலி எடத்துலதான் அப்பால ஹைகோர்ட்டு வந்துச்சு, 1892ல. வியன்னாவுல 1857ல ராஜா ஃப்ரான்ஸ் யோசெஃப் மதிலை இடிக்கச் சொல்லிட்டாரு, காலி எடத்துல ஒரு பகுதிய பணக்காரனுங்களுக்கு மனை போட்டு வித்து, அந்தக் காசுல அரசாங்கக் கட்டடம் எல்லாம் கட்டிக்கிட்டாங்க. 1865 மே 1ல ரோட்டைத் தொறந்தாங்க. சுமார் 5 கிலோமீட்டர். பார்லிமென்ட் கிரேக்கக் கோயில் மாதிரி இருக்கும், டவுன் ஹால் பழைய சர்ச்சு மாதிரி கூரா இருக்கும், யுனிவர்சிட்டி இத்தாலி அரண்மனை மாதிரி. எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்துல கட்டினதுதான், சட்டை மட்டும் வேற வேற நூற்றாண்டு. நம்ம ஹைகோர்ட்டுக்கு முகலாய சட்டை போட்டு விட்டாங்களே அதே வேலை.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது பாட்டு நாடகம் நடக்குற ஆப்பரா ஹவுஸ். கட்டிக்கினு இருக்கும்போதே எதிர்ல ரோட்டை ஒரு மீட்டர் கிட்ட உசத்திட்டாங்க, கட்டடம் பள்ளத்துல போன மாதிரி ஆயிடுச்சு. கார்ப்பரேஷன் ரோடு மேல ரோடு போட்டு நம்ம வாசப்படி ரெண்டும் உள்ள போயிடுச்சே, மழை வந்தா ஹாலுக்குள்ள பக்கெட்டோட நிக்கிறோமே, அந்தக் கொடுமை ராஜா கட்டுன கட்டடத்துக்கும் நடந்திருக்கு. ஊரே மூழ்குன பெட்டின்னு கேலி பண்ணுச்சு. கட்டுன ரெண்டு பேர்ல ஒருத்தர் வான் டெர் நியுல், 1868ல தூக்கு மாட்டிக்கிட்டாரு. இன்னொருத்தர் சிக்கார்ட்ஸ்பர்க் சில வாரத்துலயே நோய்ல போயிட்டாரு. அடுத்த வருஷம் திறப்பு விழாவைப் பாக்க ரெண்டு பேரும் இல்ல. அதுல இருந்து ராஜா எதை காட்டினாலும் "ரொம்ப நல்லா இருக்கு, எனக்கு ரொம்ப சந்தோஷம்"னு மட்டும்தான் சொல்லுவாராம், வேற வாயே தொறக்கலன்னு ஊர்ல கதை.

உள்ள போகணும்னா நின்னுக்கினு பாக்குற டிக்கெட் அன்னன்னைக்கு விக்கிறாங்க, இருபது யூரோவுக்குள்ள. எடம் புடிக்க கைப்பிடிக் கம்பில துண்டோ ஸ்கார்ஃபோ கட்டிட்டு வெளிய போயிட்டு வரலாம், யாரும் தொட மாட்டாங்க. பஸ் ஜன்னல் வழியா துண்டு போட்டு வளந்த நமக்கு இது தனியா சொல்லித் தரணுமா. ஜூலை ஆகஸ்ட்ல மட்டும் ஆட்டம் கிடையாது.

ரிங்கை சுத்த டூர் பஸ்ஸெல்லாம் வேணாம், 1ம் நம்பர் 2ம் நம்பர் டிராம் மாறி மாறி ஏறினா போதும். டிராம்ல ஏறினதும் வீட்டம்மா ஜன்னலை விட்டு நவுரல. நம்ம ஊர்ல 1895ல ஓட ஆரம்பிச்ச டிராமை 1953ல நிறுத்திட்டாங்க, அவங்க தாத்தா பாரிஸ் கார்னருக்கு டிராம்ல போன கதையை அவங்க அம்மா சொல்லிக் கேட்டிருக்காங்க, அவ்ளோதான். மதில்ல ஒரு துண்டு யுனிவர்சிட்டி எதிர்ல மோல்க்கர் பாஸ்டைன்னு மிச்சம் இருக்கு. நம்ம மதில்ல மிச்சம் ஓல்ட் ஜெயில் ரோடு பக்கம் மாடிப் பூங்கா. வியன்னா போறதுக்கு முன்னாடி அத ஒரு நடை பாத்துட்டுப் போங்க, ரிங் ரோடு இன்னும் நல்லா புரியும்.

கேள்வி: அங்க டிராம், ரயில்ல டிக்கெட் எடுக்கலன்னாலும் யாரும் கேக்க மாட்டாங்களாமே, ஸ்டேஷன்ல கேட்டே இல்லையாமே? – கொருக்குப்பேட்டை வாசகர்

பதில்: ஆசையப் பாரு. கேட் இல்ல, உண்மைதான். ஆனா சாதா டிரஸ்ல திடீர்னு வந்து செக் பண்ணுவாங்க, மாட்டினா நூறு யூரோவுக்கு மேல தண்டம். டிக்கெட் இருந்தும் மாட்டலாம், ஏன்னா சில டிக்கெட்ல நேரம் அச்சாகி வராது, ஏறுறதுக்கு முன்னாடி நீலப் பெட்டில நாமளே சொருகி முத்திரை குத்திக்கணும். ஏர்போர்ட்ல இருந்து எஸ்7 லோக்கல் ரயில்ல வாங்க, இருபத்தஞ்சு நிமிஷம்தான் ஆகுது, பத்து நிமிஷம் மிச்சம் புடிக்க காஸ்ட்லி ரயில் எதுக்கு.

கேள்வி: ரெண்டு அரண்மனை இருக்காமே, எதுக்குப் போறது? – புதுவண்ணாரப்பேட்டை வாசகி

பதில்: குளிர்காலத்துக்கு ஊருக்குள்ள ஹோஃப்பர்க், வெயில் காலத்துக்கு வெளிய ஷோன்ப்ரூன். ஒண்ணு போதும்மா, ரெண்டும் பாத்தா கண்ணாடியும் தங்கப் பூச்சும் திகட்டிடும். நான் ஷோன்ப்ரூன்னு சொல்லுவேன். மொத்தம் 1441 ரூம், நமக்கு நாப்பது கிட்டதான் காட்டுவாங்க, அதுவே கால் வலிக்கும். மரியா தெரேசாங்கிற மகாராணி பதினாறு புள்ளைங்க பெத்துக்கினு ராஜ்ஜியத்தையும் நடத்தின எடம். பின்னால பெரிய சங்கீத மேதை ஆன மோட்சார்ட் ஆறு வயசுப் பையனா 1762ல வந்து அவங்க முன்னாடி வாசிச்சதும் அங்கதான். எனக்கு மனசுல நின்னது ஃப்ரான்ஸ் யோசெஃபோட கட்டில். அறுபத்தெட்டு வருஷம் ஆண்ட மனுஷன், சாதா இரும்புக் கட்டில், நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரி வார்டு கட்டில் மாதிரியே இருக்குது. 1830ல அதே அரண்மனைல பொறந்து 1916ல அங்கயே செத்தாரு. உள்ள போக நேரம் போட்ட டிக்கெட், முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடுங்க. தோட்டம் ஃப்ரீ. மேட்டு மேல இருக்கிற குளோரியெட் மண்டபம் வரைக்கும் மூச்சு வாங்க ஏறினா மொத்த ஊரும் தெரியும்.

கேள்வி: சாப்பாடு தண்ணிக்கு இன்னா பண்ணீங்க? குக்கர் எடுத்துட்டு போணுமா? – ராயபுரம் வாசகி

பதில்: தண்ணியில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா லாரி வர்ற சத்தம் கேட்டதும் குடத்தத் தூக்கினு ஓடின ஆளு நான். வியன்னாவுல ஓட்டல் பாத்ரூம் குழாய்ல வர்றதும் ஆல்ப்ஸ் மலை ஊத்துத் தண்ணி. அப்படியே புடிச்சுக் குடிக்கலாம், ஐஸ் மாதிரி இருக்கு. அதுக்கு முன்னாடி அங்கயும் கிணத்துத் தண்ணிதான், காலராவும் டைஃபாய்டும்தான். எடுவார்ட் சூஸ்னு ஒரு நிலவியல் புரொஃபசர் விடாப்பிடியா நின்னு, மலைல இருந்து குழாய் கொண்டாந்தே ஆகணும்னு சாதிச்சாரு, 1873ல தண்ணி வந்துச்சு. 1910ல ரெண்டாவது குழாய், அது 180 கிலோமீட்டர். மேட்டுல இருந்து பள்ளத்துக்கு தானா ஓடியாருது, பம்ப்பு வெச்சு இழுக்கறதில்ல. இதுல வயித்தெரிச்சல் இன்னான்னா நமக்கு செங்குன்றம் ஏரித் தண்ணி 1872ல வந்துடுச்சு, அவங்களுக்கு ஒரு வருஷம் முன்னாடி! அப்பால அவங்க எங்க, நாம கேன் தண்ணிக்கு போன் போட்டுக்கினு எங்க. வாட்டர் பாட்டில் காசு குடுத்து வாங்காதீங்க, காலி பாட்டில் போதும், தெருக் குழாயே இருக்கு.

சாப்பாட்டுல ஷ்னிட்சல்னு ஒண்ணு, கன்னுக்குட்டிக் கறியை தட்டித் தட்டி அப்பளமாக்கி பிரெட் தூள்ல பொரட்டி பொரிக்கிறது, தட்டை விட்டு வெளிய வரும். கொஞ்சம் சீப்பா இருந்தா பன்னிக் கறில பண்ணதா இருக்கும், மெனுவுல ஷ்வைன்னு போட்டிருக்கான்னு பாருங்க. முட்டை சாப்பிடுவீங்கன்னா கைசர்ஷ்மார்ன் விடவே விடாதீங்க. கெட்டியான தோசை மாதிரி மாவை ஊத்தி, கல்லுலயே பிச்சுப் பிச்சுப் போட்டு சர்க்கரை தூவி பிளம்ஸ் ஜாமோட தருவாங்க, சத்தம் இல்லாத இனிப்பு கொத்து பரோட்டான்னு நெனச்சுக்கோங்க. குக்கர் வேணாம். ஆனா ஞாயித்துக்கிழமை ஜாக்கிரதை, ஊரே ஷட்டர் இறக்கிடுது. எங்களுக்குத் தெரியாது, பசியோட முக்கா மணி நேரம் சுத்திட்டு கடைசியா பெரிய ரயில்வே ஸ்டேஷனுக்குள்ள இருக்கிற கடைல பிரெட்டும் தயிரும் வாங்கித் தின்னோம். ஸ்டேஷன் கடைங்க மட்டும் தொறந்திருக்கும். ரெண்டு பாக்கெட் பருப்புப் பொடி பையில இருக்கட்டும்.

கேள்வி: காபிக்கு பேர்போன ஊருன்னு சொல்றாங்க. ஹலால் கெடைக்குமான்னும் சொல்லுங்க. – மண்ணடி வாசகர்

பதில்: பாய், ஹலாலுக்கு பிரச்சனை இல்ல, துருக்கில இருந்து வந்து செட்டிலான ஜனங்க நெறைய, ஓட்டாக்ரிங் பக்கம் ப்ரூன்னன்மார்க்ட்னு மார்க்கெட் இருக்கு, போங்க, கேட்டு வாங்குங்க. தெருவோர சாசேஜ் கடை மட்டும் தள்ளிப் போயிடுங்க, பெரும்பாலும் பன்னிதான்.

காபிதான் உங்க தெருக் கதை. 1683ல தோத்து ஓடுன துருக்கிப் படை விட்டுட்டுப் போன மூட்டையை ஒட்டகத் தீனின்னு எல்லாரும் நெனைக்க, கோல்ஷிட்ஸ்கிங்கிற ஆளு மட்டும் அது காபிக் கொட்டைன்னு கண்டுபுடிச்சு கடை போட்டான்னு கைடுங்க சொல்லுவாங்க, அவருக்கு சிலையே இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 1685ல காபி விக்க ராஜா கிட்ட மொத லைசென்ஸ் வாங்குனது யோஹான்னஸ் டியோடாட்டோ, ஒரு ஆர்மீனிய வியாபாரி. ஆர்மீனியர்! உங்க வீட்டுல இருந்து பொடிநடையா போனா அரண்மனைக்காரத் தெரு, ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டுன்னாதான் நமக்குத் தெரியும், அங்க 1772ல கட்டுன அவங்க சர்ச்சு இன்னும் இருக்கு. உலகத்துலயே மொத ஆர்மீனிய பத்திரிகை அச்சானது நம்ம மெட்ராஸ்ல, 1794ல. பட்டு, கல்லு, காபின்னு அந்த ஜனங்க அந்தக் கோடில இருந்து இந்தக் கோடி வரைக்கும் கடை விரிச்சிருக்காங்க. வியன்னாவுல ஆர்மீனிய சாமியாருங்க மடம் இன்னைக்கும் இருக்கு.

மெலாஞ்ச்னு கேளுங்க, நுரை பால் காபி. கூடவே ஒரு கிளாஸ் தண்ணி சின்னத் தட்டுல வரும். நம்ம டிகிரி காபி நாக்குக்கு அது கொஞ்சம் மந்தம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு காபி வாங்கிக்கினு மூணு மணி நேரம் குந்தியிருந்தாலும் எழுந்திருன்னு சொல்ல மாட்டாங்க, பேப்பரை மரக் கம்புல மாட்டி வெச்சிருப்பாங்க, எடுத்துப் படிக்கலாம். பேர் பெத்த கடை வாசல்ல கியூல நிக்காதீங்க, ரெண்டு தெரு தள்ளி வயசானவங்க குந்தியிருக்கிற கடையா பாத்துப் போங்க.

கேள்வி: அண்ணா, எனக்கு அரண்மனைலாம் வேணாம். ஃபுட்பால் மேட்டர் எதுனா இருக்கா? – வியாசர்பாடி வாசகர், ஹவுசிங் போர்டு

பதில்: தம்பி, உனக்குத்தான் நெறைய இருக்கு. யூ4 மெட்ரோ லைன்ல கடைசி ஸ்டேஷன் ஹைலிகன்ஸ்டாட் இறங்கு, எதிர்லயே கார்ல் மார்க்ஸ் ஹோஃப். ஒரே ஹவுசிங் போர்டு, ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளம், 1382 வீடு, 1930ல முடிச்சாங்க. பணக்காரன் வீட்டுக்கும் ஆடம்பரத்துக்கும் தனி வரி போட்டு, அந்தக் காசுல தொழிலாளிக்கு வீடு கட்டின காலம் அது. மொத்த மனைல அஞ்சுல ஒரு பங்குதான் கட்டடம், மிச்சம் புல்லும் மரமும், துணி துவைக்கிற எடம், நூலகம், கொழந்தைங்க காப்பகம் எல்லாம் உள்ளயே. 1934ல தொழிலாளிங்களுக்கும் அரசாங்கத்துக்கும் சண்டை வந்து ராணுவம் அந்த பிளாக் மேல பீரங்கியே விட்டுச்சு. இன்னும் அதுல ஜனங்க குடியிருக்காங்க, பால்கனில துணி காயுது. எனக்கு ஷோன்ப்ரூனை விட இங்க அதிக நேரம் போச்சு.

ஃபுட்பாலுக்கு வர்றேன். மத்தியாஸ் சிண்டெலார், கொத்தனார் வீட்டுப் புள்ள, ஃபாவொரிட்டன்னு செங்கல் சூளைக்காரங்க இருந்த ஏரியால தெருவுல ஆடி வளந்தவன். ஒல்லிக்குச்சி, பட்டப்பேரே காயிதக்காரன். 1930கள்ல ஆஸ்திரியா டீம்னா ஐரோப்பாவே அலறும், அதுக்கு இவன்தான் நடுவுல. 1938ல ஹிட்லர் நாட்டை முழுங்கின அடுத்த மாசம் ஜெர்மனியோட கடைசியா ஒரு மேட்ச், 2–0, மொத கோலு சிண்டெலார் போட்டது. அடுத்த வருஷம் ஜனவரில ரூம்ல விஷவாயு பரவி செத்துட்டாரு, வயசு 35. சமாதி சென்ட்ரல் செமட்ரில இருக்கு.

கேள்வி: காசு செலவு பண்ணி அவ்ளோ தூரம் போயிட்டு யாராவது சுடுகாட்டைப் பாப்பாங்களா? – மூலகொத்தளம் வாசகர்

பதில்: ஊருக்கே தெரிஞ்ச சுடுகாடு இருக்கிற மூலகொத்தளத்துல இருந்துக்கினு நீங்க இத கேக்குறது! சாவுக்கு பறையடிச்சு பூ வீசி ஊரையே கூட்டுற நம்மளுக்கு சமமா ஒரு ஊரு உண்டுன்னா அது வியன்னாதான். நல்ல சாவுன்னா அழகான சவம்னு ஒரு வார்த்தையே வெச்சிருக்காங்க. 1874ல தொறந்த சென்ட்ரல் செமட்ரில முப்பது லட்சம் பேரு படுத்திருக்காங்க, ஊர்ல உசுரோட இருக்கிறது இருவது லட்சம் சொச்சம். உள்ளயே பஸ் ஓடுது. அங்க போற டிராம் நம்பர் 71, யாராவது செத்தா "71ல ஏறிட்டாரு"ம்பாங்க, நாம டிக்கெட் வாங்கிட்டாருங்கிற மாதிரி. ரெண்டாவது கேட்டுல எறங்குனா பேத்தோவன், ஷூபெர்ட், பிராம்ஸ்னு சங்கீத மேதைங்க எல்லாம் பக்கத்து பக்கத்துல. மோட்சார்ட்டுக்கு அங்க நினைவுக்கல் மட்டும்தான், அவரைப் பொதச்சது செயின்ட் மார்க்ஸ்ல, எந்த எடம்னு சரியா தெரியல.

ராஜாங்க சாவு இன்னும் விசேஷம். ரொம்ப காலத்துக்கு உடம்பு கப்பூச்சின் சர்ச்சு அடில, நெஞ்சு வேற சர்ச்சுல, குடல் ஸ்டெஃபான் சர்ச்சுல, மூணா பிரிச்சு வெச்சாங்க. 2011ல கடைசி பட்டத்து இளவரசர் ஓட்டோவை கொண்டாந்தப்ப கப்பூச்சின் கதவைத் தட்டினாங்க. உள்ள இருந்து சாமியாரு யாருன்னு கேட்டாரு. பட்டம் எல்லாம் வரிசையா சொன்னாங்க, தெரியாதுன்னுட்டாரு. மறுபடி தட்டி, படிச்சது பதவி வகிச்சது எல்லாம் சொன்னாங்க, அப்பவும் தெரியாது. மூணாவது வாட்டி "ஓட்டோ, சாகப்போற பாவி மனுஷன்"னாங்க, கதவு தொறந்துச்சு. அந்தக் கதவு முன்னாடி நானும் வீட்டம்மாவும் கொஞ்ச நேரம் நின்னோம், அப்பால டிக்கெட் வாங்கித்தான் உள்ள போனோம்.

கேள்வி: விசா, குளிரு? – எண்ணூர் வாசகர்

பதில்: ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஒண்ணு போதும், எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்கு அப்ளை பண்ணணும், ஆறு மாசம் முன்னாடியே போடலாம். இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்கு கட்டாயம். ஏப்ரல், மே, இல்லன்னா செப்டம்பர் போங்க, அப்பவும் ஸ்வெட்டர் வேணும். நம்ம மூணு முனை பிளக்கு அங்க ஏறாது, அடாப்டர் பர்மா பஜார்லயே வாங்கிக்கோங்க.

கேள்வி: எனக்கு முட்டி வலி. ஸ்டெஃபான் சர்ச்சு கோபுரத்துல 343 படின்னு எழுதியிருந்தீங்க. ஏறாம பாக்க வழி உண்டா தம்பி? – திருவொற்றியூர் வாசகர், வயது 71

பதில்: உண்டுங்க ஐயா. 343 படி தெக்கு கோபுரத்துக்குத்தான், 136 மீட்டர் ஒசரம், பாதி ஒசரம் கிட்ட வரைக்கும்தான் நம்மள விடுவாங்க. வடக்கு கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கு. அங்கதான் பும்மரின்னு பெரிய மணி. 1683ல துருக்கிக்காரன் விட்டுட்டுப் போன பீரங்கிங்கள உருக்கி 1711ல வார்த்தது, 1945ல சர்ச்சு தீப்புடிச்சப்ப கீழ விழுந்து நொறுங்கி, அந்த ஒடைஞ்ச வெண்கலத்துலயே மறுபடி வார்த்தாங்க, இருவது டன். லிஃப்ட்ல இருந்து வெளிய வந்ததும் பக்கத்துலயே தொங்கும். வீட்டம்மா முட்டிக்காக நாங்களும் அதுலதான் போனோம்.